வாரியமும் கணக்கும்

திருத்தணிகை மலையேறி வரும் பக்தர்கள் முருகப்பெருமானுக்குச் செலுத்தும் காணிக்கை, உண்டியலில் விழுந்த கணம் முதல் எத்தகைய காவலுக்கு உட்படுகிறது என்பதை நம் ஊரார் நன்கு அறிவார்கள். உண்டியலுக்குப் பூட்டு உண்டு. பூட்டின்மேல் முத்திரை உண்டு. தனியொருவர் அதைத் திறக்க இயலாது. அறநிலைய இலாகா உத்தியோகஸ்தர் முன்னிலையில், நாலு பேர் பார்க்கத் திறந்து, தொண்டர்கள் கூடி உட்கார்ந்து எண்ணுகிறார்கள். எண்ணுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர், பார்த்திருப்பவர் வேறொருவர். எண்ணி முடிந்ததும் ரொக்கம் இவ்வளவு, பொன் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று தொகை வெளியாகிறது. பத்திரிகைகளில் ஊரெல்லாம் படிக்கிறது. எண்ணுகிறவர்களைத் திருடர் என்று எவரும் சந்தேகிப்பதால் இந்த ஏற்பாடு உண்டாகவில்லை. பொதுச் சொத்தைத் தொடுகிற கை வேறு, எழுதுகிற கை வேறு, சரிபார்க்கிற கண் வேறு என்று இருக்கவேண்டும் என்ற பழைய அறிவின் பயன் அது. நேர்மையாளனுக்கும் அதுவே கவசம்.

மலைமேல் வழங்கும் இந்த நியாயம் மலையடிவாரத்துப் பொது நிர்வாகங்களில் எவ்வளவு தூரம் வழங்குகிறது என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம். குடிநீர், பஸ், மின்சாரம் ஆகிய பொதுச் சேவைகள் அனைத்திற்கும் இக்கேள்வி பொருந்துமாயினும், மின்சாரத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். பணம் புரளும் அளவிலும், ஜனங்களின் அன்றாட வாழ்வைத் தொடும் விதத்திலும் அதற்கு ஈடானது வேறில்லை. கோயில் கோபுரத்து விளக்கும், பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் ஓடும் விசைத்தறியும், திருவாலங்காட்டுக் கரும்புத் தோட்டத்தின் பம்பு செட்டும் ஒரே கம்பியை நம்பி நிற்கின்றன.

இந்நாட்டு மின்சார நிர்வாகத்தின் சரித்திரம் பெருமைக்குரியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 1927இல் சென்னை சர்க்கார் மின்சாரத்திற்கென்று தனி இலாகா கண்டனர். 1932இல் பைகாராவில் நீர்மின்சாரம் பிறந்தது. மேட்டூரும் பாபநாசமும் பின்தொடர்ந்தன. 1957 ஜூலை முதல் தேதி சென்னை ராஜ்ய மின்சார வாரியம் ஏற்பட்டது. அன்று நமது திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. ம. பொ. சி. முதலியோர் முன்நின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் தேதி நாம் தாயகம் திரும்பினோம். அதன் பின்னர் கிராமத்திற்கு விளக்கும் கிணற்றுக்கு மோட்டாரும் கொண்டுவந்து சேர்த்ததில் வாரியத்தின் பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஆற்றிய சேவையை நன்றியுள்ள எவரும் மறக்கமாட்டார்கள். 2010 நவம்பரில் வாரியம் கம்பெனிகளாகப் பிரிந்தது. 2024இல் மின்பகிர்மானத்திற்கும் மின்உற்பத்திக்கும் பசுமை மின்சாரத்திற்கும் வெவ்வேறு கம்பெனிகள் ஏற்பட்டன. பெயர்கள் மாறினும் ஜனங்கள் அதை இன்றும் ‘இ.பி.’ என்றும் ‘வாரியம்’ என்றுமே அழைக்கிறார்கள். நாமும் அவ்வாறே அழைப்போம்.

அந்த வாரியத்தின் பொருளாதார நிலைமை யாது? 2017 ஜனவரியில் தமிழ்நாடு ‘உதய்’ திட்டத்தில் சேர்ந்தபோது, 30,420 கோடி ரூபாய்க் கடனில் முக்கால் பங்காகிய 22,815 கோடியை ராஜ்ய சர்க்காரே ஏற்பதென முடிவாயிற்று. அப்படியிருந்தும் 2022 ஜூலையில் அன்றைய மின்துறை அமைச்சர், வாரியத்தின் கடன் சுமார் 1.59 லட்சம் கோடி ரூபாய் என்று கூறவேண்டி வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 10ஆம் தேதி, எட்டு வருஷங்களாக உயராதிருந்த கட்டணத்தை ஒழுங்குமுறைக் கமிஷன் உயர்த்தியது. விலைவாசிக்குத் தக்கபடி ஜூலை மாதந்தோறும் கட்டணம் உயர்வதற்கும் அந்த உத்தரவு வழி செய்தது. அதன்படி 2023இல் 2.18 சதவீதமும், 2024இல் 4.83 சதவீதமும், 2025இல் 3.16 சதவீதமும் ஏறின. 2023லும் 2025லும் வீட்டு இணைப்புகளுக்குரிய உயர்வைச் சர்க்கார் தாமே ஏற்றனர். ஏற்றது நல்லதுதான், ஆனால் சர்க்கார் கஜானாவில் இருப்பதும் நம்முடைய பணமே என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

கட்டணம் உயரக்கூடாது என்று நாம் வாதிக்கவில்லை. நிலக்கரிக்கு விலை உண்டு. கம்பிக்கு விலை உண்டு. உழைப்பவனுக்குச் சம்பளம் உண்டு. எட்டு வருஷம் உயர்த்தாதிருந்துவிட்டு ஒரே நாளில் உயர்த்துவதைக் காட்டிலும் சிறிது சிறிதாக உயர்த்துவது நியாயமாகவும் இருக்கலாம். நாம் கேட்பது வேறு. ஜனங்கள் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு மின்சாரத்திற்கு விலையாகிறது, எவ்வளவு கவனக்குறைவுக்குத் தண்டமாகிறது என்று வாரியத்தால் பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாதெனில், உயர்த்தும் ஒவ்வொரு பைசாவும் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் நீரேயாகும்.

ஓட்டையை அடைக்கும் கலைக்குக் கணக்கு வல்லோர் ‘உட்கட்டுப்பாடு’ என்று பெயரிட்டிருக்கின்றனர். அமெரிக்காவில் கணக்குத் தொழிலைச் சார்ந்த ஐந்து சங்கங்கள் கூடி 1992இல் வெளியிட்ட அறிக்கை அதை ஐந்து அங்கங்களாக வகுத்தது. மேலிடத்தில் இருப்பவர்களின் ஒழுக்கமும் உறுதியும் ஒன்று. எங்கே தவறு நேரலாம் என்று முன்கூட்டி எண்ணிப்பார்ப்பது இரண்டு. அதைத் தடுக்கும் நடைமுறைகள் மூன்று. செய்தி உரியவரிடம் உரிய காலத்தில் சேர்வது நான்கு. இவையெல்லாம் நடக்கின்றனவா என்று இடைவிடாது கண்காணிப்பது ஐந்து. நம் உண்டியல் எண்ணிக்கையைக் கண்டவனுக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது. சட்டமும் இதை வற்புறுத்துகிறது. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பெரிய கம்பெனிகளுக்கு உள்தணிக்கையைக் கட்டாயமாக்கியது. 143ஆம் பிரிவு, கம்பெனியின் நிதிக் கட்டுப்பாடுகள் செவ்வனே இயங்குகின்றனவா என்று தணிக்கையாளர் கருத்துரைக்கவேண்டும் என்கிறது. சர்க்கார் கம்பெனியாதலால் இந்தியத் தணிக்கைத் தலைவரின் மேற்பார்வையும் உண்டு. அவர் அறிக்கையை ஆராயச் சட்டசபையில் பொது நிறுவனங்கள் குழுவும் உண்டு. இவ்வளவு காவலர் இருந்தும் களவுபோனது எப்போது என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாவிட்டால் அதை என்னவென்பது?

நாம் மிகைப்படுத்துவதாக எண்ணுவோர் 2021 ஆகஸ்டு மாதத்தை நினைத்துப் பார்க்கட்டும். வடசென்னை அனல்மின் நிலையத்தில் ஏட்டில் கண்ட நிலக்கரிக்கும் நிலத்தில் கிடந்த நிலக்கரிக்கும் 2.38 லட்சம் டன் வித்தியாசம் என்றும், அதன் மதிப்பு 85 கோடி ரூபாய் என்றும் அன்றைய அமைச்சர் வி. செந்தில் பாலாஜி அறிவித்தார். ஒரு சரக்கு ரயில் ஏறத்தாழ நாலாயிரம் டன் ஏற்றும் என்று கொண்டால், இது அறுபது ரயில் நிலக்கரி. கைக்குட்டையில் முடிந்துகொண்டு போகக்கூடிய பொருளன்று.

எந்தக் கட்சியின் ஆட்சியில் இது நேர்ந்தது என்ற சண்டை அன்று சட்டசபைக்கு வெளியிலும் உள்ளும் நடந்தது. அதில் நமக்கு அக்கறை இல்லை. நிலக்கரிக் குவியலில் சிறிது வித்தியாசம் இயற்கை என்பதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம். ஈரம் உலர்ந்தால் எடை குறையும். வெயிலில் தானே பற்றிப் புகைவதும் உண்டு. மழையில் கரைந்தோடுவதும் உண்டு. மலைபோல் குவிந்ததைத் தராசில் நிறுக்க இயலாது. பரப்பும் உயரமும் அளந்து மதிப்பிடவே இயலும். ஆனால் கவனிக்கவேண்டியது இது. அந்த நிலக்கரி வந்து பின் வெளியே போயிருக்கலாம்; அல்லது வராமலே வந்ததாக எழுதப்பட்டிருக்கலாம்; அல்லது கொதிகலனில் எரிந்தும் எரிந்ததாக எழுதப்படாமல் இருந்திருக்கலாம்; அல்லது அளந்த முறையே பிழையாக இருக்கலாம். முதலாவது திருட்டு, இரண்டாவது மோசடி, மூன்றாவது, செலவைக் குறைத்துக் காட்டி நிலையத்தின் திறமையை உயர்த்திக் காட்டும் பொய், நான்காவது அசட்டை. நான்கிற்கும் குற்றவாளி வேறு, பரிகாரம் வேறு. இவற்றுள் எது என்று அன்றே சொல்லக்கூடிய ஏடு ஒன்று இருந்திருக்கவேண்டும். வித்தியாசம் உண்டானதைக் காட்டிலும், அறுபது ரயில் அளவுக்கு அது வளரும்வரை எந்த மணியும் அடிக்கவில்லை என்பதே பெருங்குற்றம். மாதந்தோறும் அளந்து, வித்தியாசத்தை மாதந்தோறும் கையெழுத்திட்டு மேலே அனுப்பியிருந்தால், இரண்டாவது மாதமே கேள்வி பிறந்திருக்கும்.

நிலக்கரியாவது கண்ணால் காணக்கூடியது. மின்சாரம் காணக்கூடியதன்று, மீட்டர்தான் அதன் கண். அந்தக் கண் பல இடங்களில் இன்னும் திறக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. லட்சக்கணக்கான பம்பு செட்டுகளுக்கு மீட்டர் கிடையாது. மோட்டாரின் குதிரைச் சக்தியைக் கொண்டு உபயோகத்தை மதிப்பிடுகிறார்கள். 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, இரண்டு வருஷத்திற்குப் பின் சரியான மீட்டரின்றி யாருக்கும் மின்சாரம் வழங்கலாகாது என்று விதித்தது. அவகாசம் நீட்டிக்கும் அதிகாரத்தைக் கமிஷனுக்கு அளித்தது. அவகாசம் நீண்டுகொண்டே போகிறது.

இதனால் விளையும் தீங்கு யாது? நிலையத்திலிருந்து புறப்பட்ட மின்சாரத்தில், மீட்டர் காட்டியதைக் கழித்து, விவசாயத்திற்குப் போனதாக மதிப்பிட்டதையும் கழித்தால், மிஞ்சுவதே ‘இழப்பு’. கழிக்கும் இரண்டில் ஒன்று அளவு, மற்றொன்று ஊகம். ஊகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் இழப்பு சிறிதாகிவிடும். நகரத்தில் கொக்கி போட்டவன் திருடியதும், தொழிற்சாலையில் மீட்டரைத் திருத்தியவன் அபகரித்ததும், பழுத்த கம்பியில் சூடாகி வீணானதும், எல்லாம் ஏழை விவசாயியின் கிணற்றில் தள்ளி மூடப்படலாம். விவசாயி உபயோகிக்காத மின்சாரத்திற்கு அவன் பெயரால் செலவெழுதுவது அவனுக்குச் செய்யும் அவமரியாதையாகும். ‘இலவச மின்சாரமே வாரியத்தை அழித்தது’ என்று நகரத்தார் பேசும்போது, அது எவ்வளவு உண்மை என்று சொல்லக் கணக்கே இல்லை என்பதை அவர்கள் அறிவதில்லை.

பம்பு செட்டுக்கு மீட்டர் என்றால் விவசாயிகள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்று மீட்டர், நாளை பில் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடி 1970களில் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்த விவசாயிகளை இந்நாடு மறக்கவில்லை. ஆகவே நாம் சொல்வது இதுதான்: கிணற்று மேட்டில் மீட்டர் வைக்கவேண்டாம், அந்தக் கிணறுகளுக்கு மின்சாரம் வழங்கும் டிரான்ஸ்பார்மரில் வையுங்கள். எந்த விவசாயிக்கும் பில் வராது. எந்த அதிகாரியும் அவன் வயலில் கால் வைக்கவேண்டியதில்லை. டிரான்ஸ்பார்மரில் ஏறியது இவ்வளவு, அதன் கீழுள்ள வீடுகளின் மீட்டர்கள் காட்டியது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று தெரிந்துவிட்டால், எந்தத் தெருவில் ஓட்டை என்பது தானே விளங்கும். சலுகையும் நிற்கும், உண்மையும் வெளியாகும்.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். இரண்டு மாதத்திற்கொருமுறை கணக்கெடுப்பு ஊழியர் வந்து மீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதுகிறார். அவர் வரும் தேதி ஓர் அற்ப விஷயமென்று தோன்றும். 2022 செப்டம்பர் உத்தரவில் கண்ட கட்டணப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 8 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்திற்கு 60 நாளில் 480 யூனிட். பில் 1,605 ரூபாய். ஊழியர் மூன்று நாள் தாமதித்து 63ஆம் நாள் வந்தால் 504 யூனிட்; 500ஐத் தாண்டியதால் சலுகையின் ஒரு பகுதி போய்விடுகிறது; பில் 1,982 ரூபாய். 24 யூனிட்டுக்கு 377 ரூபாய்! அடுத்தமுறை 57ஆம் நாளே கணக்கெடுத்து ஈடுசெய்தாலும் 144 ரூபாய்தான் குறையும்; மீதி 233 ரூபாய் போனது போனதே. குடும்பத்தார் ஒரு விளக்கைக்கூட அதிகமாக எரிக்கவில்லை. ஊழியரும் ஒரு குற்றமும் செய்யவில்லை. பல தெருக்களுக்கு அவர் ஒருவரே ஓடுகிறவராயிருக்கலாம். தேதி தவறினால் நாட்கணக்குப்படி விகிதம் போட்டு எல்லையைத் தளர்த்தும் ஏற்பாடு அமைந்துவிட்டால், அந்த 377 ரூபாய்க்கு இடமே இராது. மாதந்தோறும் கணக்கெடுப்பு என்பது 2021 தேர்தலில் தி.மு.க. அளித்த வாக்குறுதி. மாதந்தோறும் எடுப்பதாயினும் சரி, இரண்டு மாதத்திற்கொருமுறை எடுப்பதாயினும் சரி, தேதியின் பிழை ஜனங்களின் தலையில் விழாதிருக்க விதி செய்வது பெரிய காரியமன்று.

உட்கட்டுப்பாடு என்றால் பணத்தைப் பற்றியது மட்டுமே என்று எண்ணுவோர் மின்கம்பத்தின் மேல் ஏறுகிறவனைக் கேட்கட்டும். கம்பியில் வேலை செய்யுமுன் அவன் ‘லைன் கிளியர்’ பெறவேண்டும். துணை மின் நிலையத்தில் இருப்பவர் மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்திய நேரத்தையும் கேட்டவர் பெயரையும் ஏட்டில் எழுதவேண்டும். கம்பத்தில் ஏறுகிறவன் கம்பியைப் பூமியோடு இணைத்து, மிச்ச மின்சாரம் இல்லையென்று உறுதி செய்துகொள்ளவேண்டும். வேலை முடிந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று கேட்டவரே திரும்பச் சொன்ன பின்னரே சுவிட்சைப் போடலாம். கேட்பவர் வேறு, நிறுத்துபவர் வேறு, எழுதுவது கட்டாயம்: உண்டியலுக்குரிய அதே நியாயம் இங்கு உயிருக்குக் காவலாகிறது. ‘அவசரம், போனில் சொன்னால் போதும்’ என்று ஒரு நாள் விதியைத் தளர்த்தினால், அந்த ஒரு நாளே ஒரு குடும்பத்தின் கடைசி நாளாகலாம். 2021இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ‘கேங்மேன்’ வேலையில் சேர்க்கப்பட்டனர். கம்பம் நடுவதற்கென வந்தவனைக் கம்பியில் ஏறச் சொல்லும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின், அது சிக்கனமன்று, கொலைபாதகத்திற்கு அடுத்தபடி. ஏட்டில் உள்ள வேலையும் களத்தில் உள்ள வேலையும் வேறுபடுமிடத்தில், நிலக்கரி வித்தியாசத்தைப் போலவே, கட்டுப்பாடு செத்துக்கிடக்கிறது என்று பொருள்.

இவற்றுக்கெல்லாம் வாரியத்தார் கூறும் சமாதானங்களை நாம் அறியாமலில்லை. ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மையே, காலியிடங்கள் நிரம்பாத அலுவலகத்தில் ஒருவரே செய்து, எழுதி, சரிபார்க்கும்படி நேர்கிறது. அதனால்தான் காலியிடத்தை நிரப்பாமை சிக்கனமாகாது என்கிறோம். மேலிடத்துத் தலையீடு என்பார்கள். அதுவும் உண்மையாயிருக்கலாம், கண்ட தவற்றை எழுதியவன் மறுமாதம் தொலைதூரத்திற்கு மாற்றப்படுவானாயின், பின்னர் எவனும் எழுதமாட்டான். தணிக்கைக் குறிப்புகள் வருகின்றன, பதில் அனுப்புகிறோம் என்பார்கள். நமது ஆட்சேபமே அங்குதான். குறிப்பு வருவதும் பதில் போவதும் ஒரு சடங்காகிவிட்டது. கண்டுபிடித்த பின் ஒன்றும் நேராத தணிக்கை, பார்த்துவிட்டு மருந்து கொடுக்காத வைத்தியம்.

செய்ய முடியுமா என்று ஐயுறுவோர் நம் எல்லைக்கு அப்பால் பார்க்கட்டும். திருத்தணியிலிருந்து நகரி எட்டிய தூரம். அங்கே மின்சாரம் வழங்குவது திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல விநியோகக் கம்பெனி. 1999இல் ஆந்திர மின்சார வாரியம் பிரிக்கப்பட்டது. 2000இல் அந்த ராஜ்யம் மத்தியச் சட்டத்திற்குத் திருத்தம் செய்து, மின்திருட்டைப் போலீஸார் நேரே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றமாக்கி, தனி நீதிமன்றங்களும் கண்டது. அதைக்காட்டிலும் முக்கியமானது உள்ளே செய்த ஏற்பாடு. லட்சக்கணக்கில் நல்ல மீட்டர்கள் வைத்தார்கள். திருட்டு இணைப்புகளைப் பணம் கட்டி ஒழுங்கு செய்துகொள்ள அவகாசம் தந்தார்கள். பில்களை ஓரிடத்தில் தொகுத்து, உபயோகம் திடீரெனக் குறைந்த இணைப்புகளைத் தனியே பொறுக்கி எடுத்து ஆராய்ந்தார்கள். 1999இல் சுமார் 38 சதவீதமாயிருந்த இழப்பு 2003இல் 26 சதவீதமாகக் குறைந்தது என்று உலக வங்கியார் குறித்திருக்கின்றனர். ஆந்திரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. 2004இல் அங்கும் விவசாயத்திற்கு இலவச மின்சாரம் வந்தது, ஊகக் கணக்கின் தொல்லை அங்கும் உண்டு. ஆயினும் நான்கு வருஷத்தில் இவ்வளவு செய்ய இயலும் என்பதற்கு நம் அண்டை வீட்டாரே சாக்ஷி. ஊருக்காக அவர்களோடு வாதாடினோம். நல்லதைக் கற்றுக்கொள்வதில் வாதம் எதற்கு?

அண்டை வீட்டுக்கும் போகவேண்டாம். நம் வீட்டுப் பரணிலேயே பாடம் இருக்கிறது. காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் கிராம சபையின் வாரியங்களைப் பற்றிப் பேசுகின்றன: ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், ஆட்டை வாரியம். மின்சார வாரியம் என்று நாம் வழங்கும் சொல்லே அதுதான். வாரியப் பதவி ஒரு வருஷம், குடவோலையால் தேர்ந்தெடுப்பு, கடந்த மூன்று வருஷத்திற்குள் வாரியம் வகித்தவர் மீண்டும் வரலாகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி: எந்த வாரியத்திலேனும் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படக்கூடாது, அவருடைய உறவினர் பெயரும் கூடாது. அந்தச் சபை பிராமண கிராமம் ஒன்றின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அதில் இடம். எல்லா ஜனங்களுக்கும் அது சொந்தமன்று. அந்தக் குறையை நாம் மறைக்கவில்லை. ஆனால் கணக்குக் காட்டாமைக்கு ஒரு விளைவு உண்டு, அதைக் கோயிற்சுவரில் எல்லோரும் படிக்க வெட்டி வைக்கவேண்டும் என்ற இரண்டையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆயிரத்து நூறு வருஷத்திற்குப் பின் நம் வாரியத்தில் விதிக்குப் பஞ்சமில்லை. இல்லாதவை விளைவும் சுவருமே.

ஆகவே நமது யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலாவது, ஒவ்வொரு துணை மின் நிலையத்திலும், அதிலிருந்து புறப்படும் ஒவ்வொரு மின்பாதையிலும், ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் மீட்டர். இரண்டாவது, நிலக்கரி, கம்பி, டிரான்ஸ்பார்மர் முதலிய சரக்குகளை அந்த அலுவலகத்தைச் சேராதவர்கள் முன்னறிவிப்பின்றி அளந்து, வித்தியாசத்தை அன்றே எழுதுவது. மூன்றாவது, உள்தணிக்கையாளர் தாம் தணிக்கை செய்யும் அதிகாரிக்குக் கீழ்ப்படியாமல், நேரே நிர்வாக சபையின் தணிக்கைக் குழுவுக்கே பொறுப்பாயிருப்பது. தவற்றை எழுதியவரைக் குறிப்பிட்ட காலம் மாற்றலாகாது என்ற காப்பு. நான்காவது, ஒவ்வொரு தணிக்கைக் குறிப்புக்கும் ஒரு தேதி: அதற்குள் பதில் வராவிடில் பொறுப்பாளி பெயரால் சட்டசபைக் குழுவுக்குப் போவது. ஐந்தாவது, ‘லைன் கிளியர்’ ஏட்டில் கையெழுத்தின்றி யாரையும் கம்பத்தில் ஏற்றிய அதிகாரி, விபத்து நேர்ந்தாலும் நேராவிட்டாலும், தண்டனைக்குரியவர் ஆவது.

ஆறாவது யோசனையே நமக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மின்பகிர்மானக் கம்பெனிகள் மூன்று மாதத்திற்கொருமுறை மின்சக்திக் கணக்குத் தயாரித்து வெளியிடவேண்டுமென்றும், வருஷத்திற்கொருமுறை வெளித் தணிக்கைக்கு உட்படவேண்டுமென்றும் 2021இல் மத்திய சர்க்காரின் எரிசக்திச் சிக்கன நிறுவனம் விதி வகுத்துள்ளது. கேளாமலே தகவல் வெளியிடும் கடமையை 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாம் பிரிவும் விதிக்கிறது. ஆனால் ராஜ்யம் முழுவதற்குமான தொகையை எங்கோ இங்கிலீஷில் வெளியிட்டு என்ன பயன்? திருத்தணிக்காரனுக்குத் திருத்தணிக் கணக்கு வேண்டும். பிரிவு அலுவலகத்தின் வாசற்சுவரில், தமிழில், மாதந்தோறும் நான்கு வரி எழுதட்டும்: இந்தப் பிரிவுக்குள் வந்த மின்சாரம் இவ்வளவு, பில் போட்டது இவ்வளவு, வசூலானது இவ்வளவு, கணக்கில் வராதது இவ்வளவு. இதற்கு ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். அதைப் படிக்கும் நெசவாளியும் விவசாயியும் கடைக்காரரும் அடுத்த மாதம் கேள்வி கேட்பார்கள். அவர்களைவிட விலை குறைந்த, விழிப்பு மிகுந்த தணிக்கையாளர் எந்த நாட்டிலும் கிடைக்கமாட்டார்.

வாரியத்தைத் தனியாருக்கு விற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும், சர்க்கார் நடத்துவதால் ஒன்றும் கேட்கலாகாது என்பாரும் இருக்கிறார்கள். இருவர் கூற்றையும் நாம் ஒப்பவில்லை. மீட்டரில்லாத கம்பி யார் கையில் இருந்தாலும் ஒழுகத்தான் செய்யும். ஜனங்களுடைய சொத்து ஜனங்களிடமே இருக்கவேண்டும் என்று விரும்புகிறவர்களே அதன் கணக்கை முதலில் கேட்கவேண்டியவர்கள்.

மலைமேல் உண்டியலைத் திறந்த அன்றே தொகை இவ்வளவு என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார்கள். மலையடிவாரத்தில், ஆயிரமாயிரம் வீடுகளிலிருந்து இரண்டு மாதத்திற்கொருமுறை சேரும் காணிக்கைக்கும் அந்த மரியாதை கிடைக்கவேண்டும். அடுத்த ஜூலையில் கட்டணத்தைப் பற்றிய உத்தரவு வெளியாகுமுன், பிரிவு அலுவலகச் சுவரில் அந்த நான்கு வரிகள் தோன்றட்டும் என்று அதிகாரிகளை வேண்டிக்கொள்கிறோம். அவை தோன்றும்வரை அலுவலக வாசலில் நின்று கேட்பது ஜனங்களின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.